தூங்கும் சுரப்பி

மேடவாக்கத்தில் நள்ளிரவுக்கு மேல் எந்த நேரத்தில் என்ன சத்தம் கேட்கும் என்று யாராவது கேட்டால் வரிசையாகச் சொல்லிவிடுவேன். ஒரு மணிக்குக் கீழ்வீட்டுத் தாத்தாவின் இருமல். ஒன்றரைக்கு மேல் தெருமுனையில் நாய்களின் பஞ்சாயத்து. இரண்டரை வாக்கில் மெயின் ரோட்டில் ஒரு தண்ணி லாரி பள்ளத்தில் இறங்கி ஏறும். மூன்று மணிக்குப் பெரும்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து ஒரு வக்கா கத்திக்கொண்டே மொட்டை மாடிக்கு மேலே பறந்து போகும். வக்கா என்பது இராக்கொக்கு. பகலெல்லாம் மரத்தில் தூங்கிவிட்டு ராத்திரி டியூட்டிக்குக் கிளம்புகிற பறவை. நாலரைக்கு எங்கள் வீட்டு அடுப்படியில் அம்மா கிரைண்டர் போடுவாள்.

இதெல்லாம் 2020 ஜூன், ஜூலையில் மனப்பாடம் ஆனது. ஊரடங்கில் ஊரே அடங்கிக் கிடந்தது. சோழிங்கநல்லூர் கம்பெனி கேப்கள் ஓடவில்லை. கட்டி முடியாத மேம்பாலத்தின் தூண்கள் மட்டும் ஜங்ஷனில் என்னோடு சேர்ந்து முழித்துக்கொண்டிருந்தன.

எனக்கு லூபஸ். நம்மைக் காவல் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் வீட்டுக்காரரையே போட்டு அடிக்கிற நோய். மூட்டு, தோல், சிறுநீரகம் என்று எங்கே வேண்டுமானாலும் கை வைக்கும். இந்த நோய் வருகிற பத்து பேரில் ஒன்பது பேர் பெண்கள். 2019 கடைசியில், என் 26 வயதில் கண்டுபிடித்தார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் எழுதிக் கொடுத்தார்கள். மலேரியாவுக்கென்று வந்த மாத்திரை. லூபஸ்காரர்களுக்கு அது தினப்படி சோறு மாதிரி.

2020 மார்ச்சில் அந்த மாத்திரை திடீரென்று உலகப் புகழ் அடைந்தது. கொரோனாவுக்கு அதுதான் மருந்து என்று டிரம்ப் பேசினார். இங்கே மருத்துவப் பணியாளர்கள் தடுப்புக்காக எடுத்துக்கொள்ளலாம் என்று ஐ.சி.எம்.ஆர். சொன்னது. மார்ச் 25-ம் தேதி ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள். அதற்குள் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் பத்து அட்டை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார்கள். மேடவாக்கத்திலிருந்து தாம்பரம் வரை நான் ஏறி இறங்காத மருந்துக்கடை இல்லை. "ஸ்டாக் இல்லம்மா." "உனக்கு எதுக்கு அது? கொரோனாவா?" இருந்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு ஓட்டினேன்.

ஜூன் மாதம் உடம்பு கணக்கைத் தீர்த்தது. விரல் மூட்டெல்லாம் வீங்கி, பாத்ரூம் குழாயைத் திருக அம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. சாயங்காலமானால் காய்ச்சல். சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்தது. அப்போதுதான் பிரெட்னிசலோன் வந்தது. ஸ்டீராய்டு. ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம்; காலையில் 20, ராத்திரி 20.

மூன்றாம் நாள் குழாயை நானே திருகினேன். அன்றிலிருந்து தூக்கம் போனது.

*

இது கவலையில் வரும் தூக்கமின்மை இல்லை. அது எனக்குப் பழக்கம். அதில் கண் எரியும், உடம்பு கெஞ்சும், மனசுதான் விடாது. இது வேறு. உள்ளே யாரோ எல்லா லைட்டையும் போட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி. களைப்பே தெரியாது. ராத்திரி ஒரு மணிக்குப் பசிக்கும், அதுவும் கல்யாணப் பந்திப் பசி. பழைய சோற்றைத் தின்றுவிட்டு, பீரோவைக் காலி செய்து துணிகளைக் கலர்வாரியாக அடுக்குவேன். இரண்டு மணிக்கு ஒரு நாவலுக்கான ஐடியா வரும். 14 பக்கம் எழுதினேன். உலகத்தையே புரட்டிப் போடப்போகிறேன் என்று நினைத்தேன். ரொம்ப நாள் கழித்துப் படித்துப் பார்த்தால் ஒரு வாக்கியம்கூட முடிவுக்கு வரவில்லை. காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் லேப்டாப்பைத் திறக்கும்போது கை நடுங்கும், சின்ன விஷயத்துக்கு அழுகை வரும்.

இந்த அனுபவத்துக்கு வயசு அதிகம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டர், முடக்குவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு முதன்முதலாக கார்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்து கடைத்தெருவுக்கே போய்வந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கும், வேதியியலாளர்கள் கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள்ளேயே இந்த அற்புதத்தின் மறுபக்கமும் வெளியே வந்துவிட்டது. முகம் வீங்கியது, எலும்பு தேய்ந்தது, சிலருக்குப் புத்தி தடுமாறியது. கார்டிசோன் சாப்பிட்ட ஒரு பள்ளி ஆசிரியருக்கு என்ன ஆனது என்று 1955-ல் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் பெர்ட்டன் ரூஷே ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த வருஷமே அதை வைத்து நிக்கோலஸ் ரே 'பிக்கர் தேன் லைஃப்' என்று ஒரு படம் எடுத்தார். அதை ஒரு ராத்திரி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் அம்மா படுத்திருக்க, போர்வைக்குள் வைத்துப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த ஆள் தன்னை மகா மேதை என்று நம்பிப் பேசுகிற பேச்சு என் 14 பக்கம் மாதிரியே இருந்தது.

*

எங்கள் வீடு ஒரே படுக்கையறை. அப்பா போன பிறகு நானும் அம்மாவும்தான். அம்மா இட்லி மாவு அரைத்து எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் கொடுக்கிறாள். ஊரடங்கில் எல்லாரும் வீட்டிலேயே இருந்ததால் மாவுக்கு நல்ல கிராக்கி. அந்தக் காசில்தான் என் மாத்திரைகளில் பாதி வந்தது. அதனால் அம்மா தூங்க வேண்டும் என்பது எனக்கு முக்கியம். மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காமல் ராத்திரியைக் கழிக்கப் பழகிக்கொண்டேன்.

யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஜாதிக்காயைப் பாலில் உரசிக் குடி என்றார் எதிர்வீட்டு அக்கா. உச்சந்தலையில் நல்லெண்ணெய் வை என்றாள் பெரியம்மா. "போனைத் தூக்கி வை, தன்னால தூக்கம் வரும்" என்றார்கள் எல்லாரும். எல்லாவற்றையும் செய்தேன். பால் வயிற்றில் இருந்தது, எண்ணெய் தலையணையில் இருந்தது, தூக்கம் மட்டும் இல்லை. போனில் ஆலோசனை சொன்ன ஒரு டாக்டரிடம் கேட்டேன். "முதல்ல கிட்னியப் பாப்போம்மா. தூக்கத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். கிட்னிக்கு முன்னால் தூக்கம் எம்மாத்திரம்? அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. அம்மா கேட்டால், "நல்லா தூங்குனேம்மா" என்பேன்.

ஜூலை கடைசியில் ஒரு ராத்திரி, மணி மூன்றே கால். வக்கா போய்விட்டது. தலையைச் சுவரில் மெதுவாக முட்டிக்கொண்டிருந்தேன். வலிக்கவேண்டும் என்றில்லை, ஏதாவது ஒன்று நிற்கவேண்டும் என்று. அப்போது எடுத்த முடிவு இது: வீக்கம் வற்றிவிட்டது, விரல் மடங்குகிறது, இனி இந்த மாத்திரை வேண்டாம். அட்டையிலிருந்து தினமும் சரியாகப் பிரித்துக் குப்பையில் போட்டேன். அம்மா அட்டையை எண்ணுவாள் என்று தெரியும்.

இரண்டாம் நாள் ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்கினேன். அதைப் போல ஒரு சந்தோஷம் இல்லை. மூன்றாம் நாள் பகலிலும் தூங்கினேன். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். நான்காம் நாள் எழுந்து நின்றால் கண் இருட்டியது. ஐந்தாம் நாள் காலையில் வாந்தி நிற்கவில்லை. கால் எடுத்து வைக்க முடியவில்லை. அம்மா தெருவில் மாவு வாங்குகிற ஆட்டோ அண்ணனைக் கூப்பிட்டு, மாவுப் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு போனாள். வழியெல்லாம் போலீஸ் தடுப்பு. ஒவ்வொரு இடத்திலும் அம்மா தலையை வெளியே நீட்டி, "எம்பொண்ணுக்கு முடியல சார்" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

ரத்த அழுத்தம் தரையில் இருந்தது. ஊசி போட்டு, ட்ரிப்ஸ் ஏற்றி, சாயங்காலம் ஒரு டாக்டரம்மா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"மாத்திரைய எப்ப நிறுத்தினே?"

அம்மா என்னைப் பார்த்தாள். "இல்ல டாக்டர், இவ ஒருநாள்கூட விடல. நான் அட்டைய எண்ணிப் பாக்குறேன்."

நான் சுவரைப் பார்த்தேன். "அஞ்சு நாளாச்சு" என்றேன்.

அந்த டாக்டரம்மா திட்டவில்லை. ஒரு காகிதத்தில் சிறுநீரகத்தை வரைந்து, அதன் தலையில் ஒரு தொப்பி வரைந்தார். அட்ரினல் சுரப்பி. கார்டிசால் என்ற ஹார்மோன் அங்கேதான் சுரக்கிறது. விடிகாலையில் ஏறி நம்மை எழுப்பிவிடும், ராத்திரி இறங்கித் தூங்கவிடும். பிரெட்னிசலோன் அந்த ஹார்மோனின் வேலையைச் செய்கிற மருந்து. அதை ராத்திரி போட்டால், இறங்கவேண்டிய நேரத்தில் உடம்புக்கு விடிந்துவிடுகிறது. "அதனாலதாம்மா தூக்கம் போச்சு." சில வாரம் தொடர்ந்து வெளியிலிருந்தே வந்துகொண்டிருந்தால், சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். "இப்ப உன் சுரப்பி தூங்குது. அத மெதுவாத்தான் எழுப்பணும். மாத்திரையக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சாத்தான் அது முழிக்கும். ஒரே நாள்ல நிறுத்தினா ரெண்டும் இல்லாமப் போயிடும். உயிருக்கே ஆபத்து."

ஆறு வாரமாக நான் முழித்திருக்க, எனக்குள்ளே ஒன்று நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

"தூக்கம் வரலைன்னு ஏன் சொல்லல?" என்று டாக்டர் கேட்டார். "அதுவும் ஒரு நோய்க்குறிதான். சொன்னாத்தானே எனக்குத் தெரியும்."

*

வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அம்மா பேசினாள்.

"நீ பொரண்டு படுத்தா எனக்குத் தெரியாதாடி? பீரோவத் தொறந்தது, சோத்த எடுத்துத் தின்னது, எல்லாம் தெரியும். நான் முழிச்சிருக்கறது தெரிஞ்சா நீ இன்னும் வருத்தப்படுவன்னு கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தேன்."

ஆறு வாரம். ஒரே அறையில், ஒரு முழ இடைவெளியில், இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் தூங்குவதுபோல நடித்திருக்கிறோம். அந்த நடிப்பு இல்லாமல் இருந்திருந்தால் நான் மாத்திரையைக் குப்பையில் போட்டிருக்க மாட்டேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். தூக்கம் இல்லாதது என்னை அவ்வளவு தூரம் கொண்டுபோகவில்லை. அதை ஒளித்து வைத்ததுதான் கொண்டுபோனது.

பழைய தமிழில் தூங்குவது என்றால் தொங்குவது. தூக்கணாங்குருவி என்ற பெயரில் அந்த அர்த்தம் இன்னும் இருக்கிறது. கண் மூடுவதற்குத் துயில், உறக்கம் என்று வேறு சொற்கள் இருந்தன. அப்படிப் பார்த்தால் அந்த ஆறு வாரமும் நான் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன், எதிலும் கால் ஊன்றாமல்.

பிறகு நடந்ததில் அதிசயம் எதுவும் இல்லை. முழு மாத்திரையையும் காலை எட்டு மணிக்குள், இட்லி சாப்பிட்டவுடன் போடச் சொன்னார்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே ராத்திரிக்கு மூன்று மணி நேரம் திரும்பக் கிடைத்தது. மதியத்துக்கு மேல் டீ, காபி கிடையாது. எவ்வளவு நேரம் முழித்திருந்தாலும் காலையில் ஆறு மணிக்கு எழுந்தே ஆகவேண்டும். பகல் தூக்கம் இல்லை. தூக்கம் வராவிட்டால் படுக்கையில் கிடந்து மல்லுக்கட்டாமல் எழுந்துவிட வேண்டும். டாக்டர் சொன்ன கணக்குப்படி 40 என்பது 30 ஆகி, 20 ஆகி, பல மாதம் கழித்து 5-க்கு வந்தது. ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் உடம்பு வலித்தது, சுரப்பி சோம்பல் முறித்தது. 14 பக்க நாவல் அப்படியே கிடக்கிறது. அந்தப் படத்தையும் பிறகு முழுசாகப் பார்த்தேன். கடைசியில் அந்த ஆசிரியர் அதே மருந்தைத்தான் அளவோடு தொடரவேண்டியிருக்கிறது. மருந்து இல்லாமல் அவர் பிழைக்க முடியாது. அந்த முடிவு பார்ப்பவர்களுக்கு எப்படியோ, எனக்கு ஆறுதலாக இருந்தது.

இப்போதும் மாதத்தில் நாலைந்து ராத்திரி போய்விடும். நோய் கொஞ்சம் தலை தூக்கினால் மாத்திரை ஏறும், மாத்திரை ஏறினால் தூக்கம் இறங்கும். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் சொல்ல ஒரு சின்ன டைரியில் குறித்துக்கொள்கிறேன்: எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை முறை எழுந்தேன். மூட்டு வலியையும் தூக்கத்தையும் ஒரே பக்கத்தில் எழுதுகிறேன்.

ஊர் மாறிவிட்டது. மேம்பாலம் 2022-ல் திறந்தாயிற்று. அதே வருஷம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு மெட்ரோ வேலை வந்து, ராத்திரியெல்லாம் ரோட்டில் இயந்திரங்கள் உறுமின. என் பழைய அட்டவணையில் பாதி சத்தம் இப்போது கேட்பதில்லை.

தூக்கம் வராத ராத்திரியில் நடிப்பதில்லை. "அம்மா, வரலம்மா" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போவேன். சில நாள் அம்மா "சரி, போய்ட்டு வா" என்று திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவாள். அவளுடைய குறட்டைச் சத்தம் படிக்கட்டு வரை கேட்கும். நாலரைக்கு நான் கீழே இறங்கி, ஊறின அரிசியை வடித்து வைத்துவிட்டு, அவளை எழுப்புவேன்.