கிணற்றுக்கட்டின் காவல்

பன்றியின் குடலில் வாழும் ஒரு நுண்ணுயிரைப் பற்றி நாம் பாடஞ் சொல்லும்போதெல்லாம், வன்னிப் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான். "சேர், எங்கட வீட்டிலை பன்றி இறைச்சி காய்ச்சிறதில்லை. எங்களுக்கு இந்த வருத்தம் வராதுதானே?"

கேள்வி நியாயமானதே. விடைதான் அவர்கள் எதிர்பார்ப்பதன்று.

அந்நுண்ணுயிரின் பெயர் பலண்டிடியம் கோலை. 1857 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வைத்தியர் மால்ம்ஸ்டென், வயிற்றுளைவுற்ற நோயாளரிடத்தே இதனைக் கண்டு எழுதினார். சில ஆண்டுகளின் பின் ஜெர்மனியரான லொய்க்காட் பன்றியின் குடலிலும் கண்டார். ஒரே கலத்தாலான உயிர். ஆயினும் மனிதக் குடலில் வாழும் ஒற்றைக்கல ஒட்டுண்ணிகளுள் இதுவே பெரியது. பெரியது என்றாலும் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவே. வைக்கோல் ஊறிய நீரில் மாணவர் காணும் பரமீசியத்தைப் போல, உடலெங்கும் அடர்ந்த பிசிர்களைத் துடுப்பாக வலித்து நீந்தும்.

பன்றிக்கு இது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. மனிதரிலும் பலர் யாதொரு நோயுமின்றி இதனைத் தாங்கியிருப்பர். சிலருக்கோ பெருங்குடற் சுவரைப் புண்ணாக்கி, இரத்தமுஞ் சளியுமாகக் கழியச் செய்யும்.

பன்றிக் கழிவோடு வெளிவருங்கால் இது தடித்த உறையொன்றுக்குள் அடங்கியிருக்கும். குடிநீரோடோ, உணவோடோ, கழுவாத கையோடோ வாய்க்குட் புகும். ஆகவே மரக்கறி உண்பதனால் மட்டும் ஒருவர் தப்பிவிட இயலாது.

பசிபிக் மாகடலிலுள்ள ட்ரக் தீவுகளில் 1971 ஆம் ஆண்டு பெரும்புயல் வீசியது. பன்றிக் கழிவால் நீர்நிலைகள் மாசுற, 110 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். புயலுக்குத் தப்பியவர்களைத் தண்ணீர் வீழ்த்தியது.

நமது வன்னியிலே பன்றி வளர்க்காத வீடும் பன்றியை அறியும். இரவிலே காட்டுப்பன்றி வயலையும் மரவள்ளித் தோட்டத்தையும் கிளறிப் போகும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய நாள்களில் காடும், வயலும், வளவும், கட்டில்லாக் கிணறும் ஒரே நீராகிவிடுகின்றன.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டதும், பன்றி வளர்க்கும் அயலவனைப் பழிப்போரை நாம் கண்டிருக்கிறோம். பட்டியைக் கிணற்றுக்குத் தொலைவில் அமைத்து, கழிவைக் குழியிலிட்டு மூடுபவனிடத்தில் பழியில்லை. வெள்ளமோ எவர் வேலியையும் பார்த்து நிற்பதில்லை. அயலவனோடு பிணங்கிப் பேசாதிருப்பதனால் கிணறு தூய்மையாகாது.

கிணற்றுக்கு உயர்ந்த கட்டு வேண்டும். வெள்ளம் வடிந்ததும் கிணற்றை இறைத்துக் குளோரின் இடுதல் நன்று. பல கிருமிகள் அதனால் மாளும். ஆனால் இவ்வுயிரின் உறை வழக்கமான குளோரினுக்கு எளிதில் மசியாது, கொதிநீருக்கே மசியும். இரத்தத்தோடு கழிந்தால் வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். நுணுக்குக்காட்டியால் நோயை அறியலாம். தெற்றாசைக்கிளின், மெற்றோனிடசோல் ஆகிய மருந்துகளால் தீர்க்கலாம்.

கிணற்றுக்குக் கட்டுக் கட்ட வசதியில்லாத வீடுகள் வன்னியில் இன்னமும் உள. அவ்வீடுகளிலும் அடுப்புண்டு, கேத்தில் உண்டு. பிள்ளை பள்ளிக்குக் கொண்டுபோகும் போத்தலில் ஆறவைத்த கொதிநீர் இருக்குமாயின், அன்றைய விறகு வீண்போகவில்லை.