டீயும் தம்மும் பிரியும்போது

சிகரெட்டை நிறுத்துவதில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. உடம்பை நிகோடினிலிருந்து விடுவிப்பது முதல் வேலை. சில வாரங்களில் அது முடிந்துவிடும். சிகரெட்டோடு ஒட்டிப்போன வேளைகளையும் இடங்களையும் அதனிடமிருந்து பிரித்தெடுப்பது அடுத்தது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

உள்ளே இழுத்த புகையிலுள்ள நிகோடின் சில விநாடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறையும். குறையக் குறைய எரிச்சலும் பதற்றமும் தலைதூக்கும். ‘தம் அடிச்சாத்தான் டென்ஷன் குறையுது’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த டென்ஷனில் பெரும்பகுதி முந்தைய சிகரெட் விட்டுப்போனது. அடியோடு நிறுத்தியதும் முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் மிகக் கடுமையானவை. தூக்கம் கெடும், கவனம் நிற்காது, பசி கூடும், சிலருக்கு மலச்சிக்கலும் வரும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் இவை பெரும்பாலும் தணிந்துவிடும். பலர் அதுவரை போவதில்லை. முதல் வாரத்திலேயே திரும்பவும் பற்றவைத்துவிடுகிறார்கள். எந்த உதவியும் இல்லாமல் நிறுத்தப் பார்ப்பவர்களில் ஆறு மாதம், ஓராண்டு என்று தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரே. மனவுறுதி இல்லாதவன் என்று வீட்டார் ஏசுவது அநியாயம். இங்கே தேவைப்படுவது மருந்து.

அந்த மருந்துகளில் எளிதாகக் கிடைப்பது நிகோடின் சுவிங்கம். நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத சுவீடன் மாலுமிகள் வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறிக்கொண்டதைக் கவனித்ததிலிருந்து, 1967 வாக்கில் பிறந்த யோசனை அது. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு அளவுகளில் வருகிறது. எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைத் தேடுபவர்களுக்குப் பெரியதைப் பரிந்துரைப்பார்கள். இதைச் சாதாரண சுவிங்கம் போல விடாமல் மெல்லுவதுதான் பரவலாக நடக்கும் தவறு. அப்போது நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலும் குமட்டலும் வரும். ‘இது ஒத்துக்கல’ என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். மெதுவாக மென்று, நாக்கில் காரம் சுரீரென்று தட்டியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியபின் மறுபடி மெல்ல வேண்டும். காபியோ குளிர்பானமோ குடித்தால் கால் மணி நேரம் கழித்தே வாயில் போடலாம், இல்லாவிட்டால் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது. வரெனிக்ளின், புப்ரோபியான் போன்ற மாத்திரைகளும் உண்டு. அவற்றை மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும்.

இரண்டாவது வேலை டீக்கடையில் இருக்கிறது. வழக்கமான ஆள் வருவதைப் பார்த்ததுமே, அவர் வாய் திறக்கும் முன், கிளாஸுக்குப் பக்கத்தில் அவருடைய பிராண்டில் ஒன்றை எடுத்து வைத்துவிடுவார் கடைக்காரர். லைட்டர் கயிற்றில் கட்டித் தொங்கிக்கொண்டிருக்கும். கை தானாக நீளும். வேண்டும் என்று தோன்றும் அந்த வேகம் சில நிமிடங்களில் இறங்கிவிடும் என்பதை அனுபவித்துத்தான் நம்ப முடியும். அதனால் முதல் சில வாரங்கள் அந்தக் கடையையே தவிர்த்து, டீயை வேறிடத்தில் குடிப்பது நல்லது. கடைக்காரரிடம் ‘அண்ணே, விட்டுட்டேன், எடுத்து வைக்காதீங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லி வைப்பது இன்னும் நல்லது. பலர் கூச்சப்பட்டே சொல்லாமல் விடுகிறார்கள். டீயின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டியிருக்கும். புகையிலுள்ள சில பொருட்கள் காஃபீனைக் கல்லீரல் வேகமாக வெளியேற்றும்படி செய்துவந்தன. புகை நின்றதும் அதே நாலு டீ கூடுதலாக வேலை செய்யும். அந்தப் படபடப்பைச் சிகரெட் இல்லாததால் வந்தது என்று தப்பாக எண்ணிவிடுவார்கள்.

மாதங்கள் கழித்து வரும் ஆபத்துக்குப் பெயர் ‘ஒண்ணே ஒண்ணு’. துக்க வீட்டில் இரவு முழுக்க விழித்திருக்கும்போது, பந்தலுக்கு வெளியே பழைய நண்பர் பாக்கெட்டை நீட்டுவார். மறுப்பது மரியாதைக்குறைவாகத் தோன்றும். சிகரெட்டைச் சில்லறையாக விற்கும் ஊரில் மறுநாள் இன்னொன்று வாங்க முழுப் பாக்கெட்டுக்குக் காசு கூட வேண்டாம். ஆனாலும் ஒன்றைப் புகைத்துவிட்டதால் எல்லாம் பாழாகிவிடவில்லை. ‘அதான் போச்சே’ என்று அடுத்ததை எடுப்பதில்தான் பழக்கம் திரும்புகிறது.

சிகரெட்டை விட்டபின் சராசரியாக நாலைந்து கிலோ எடை கூடும். அதற்குப் பயந்து பின்வாங்க வேண்டியதில்லை. பிரிட்டன் மருத்துவர்களை 1951 முதல் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டாலின் ஆய்வு, விடாமல் புகைப்பவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழப்பதாகக் கண்டது. 60 வயதில் விட்டவர்களுக்கு அதில் மூன்று ஆண்டு திரும்பக் கிடைத்தது. 50 வயதில் விட்டவர்களுக்கு ஆறு, 40 வயதில் விட்டவர்களுக்கு ஒன்பது. 30 வயதில் விட்டவர்களுக்கு ஏறக்குறைய முழுவதும்.

விட்டுப் பிடித்து, மறுபடி விட்டு, அப்படித்தான் பலருக்கு இது நிலைக்கிறது. ஒவ்வொரு முறையும் நாள் குறித்து, மருந்தோடு தொடங்கலாம். இந்தியாவில் பாக்கெட்டின் மீதே அச்சிடப்பட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசகர்கள் தமிழிலும் பேசுகிறார்கள்.