தொடுக்க முடியாத பூ

தில்லி மயூர் விஹாரில் ஓர் இரண்டாவது மாடி வீடு. தெற்கு பார்த்த பால்கனியில் ஒன்பது மண்தொட்டிகள். பிப்ரவரி பிறந்தால் ஒன்பதிலும் மஞ்சள், வெள்ளை, கருஞ்சிவப்பு என்று ஸ்நாப்டிராகன் கதிர் கதிராகப் பூத்து நிற்கிறது. மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்த பூ. தில்லி நர்சரிகளில் 'டாக் ஃப்ளவர்' என்றால்தான் தெரியும். இரு பக்கமும் விரலால் அழுத்தினால் நாய் வாயைத் திறப்பது போலத் திறக்கும்.

தொட்டிகளுக்குச் சொந்தக்காரருக்கு வயது 71. கணவர் இறந்த பிறகு, மாயவரம் பக்கத்துக் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு மகனிடம் வந்தவர். அங்கே வாசலில் ஜாதிமல்லி, கொல்லையில் கனகாம்பரம். தில்லிக் குளிரில் மல்லிகை உறங்கிவிடுகிறது. முதல் டிசம்பரில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணி ஆறு நாற்றுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். "தலையில வெச்சுக்க முடியாது, தொடுக்க முடியாது. இது என்ன பூ?" என்றார் அம்மா.

ஆனாலும் தண்ணீர் ஊற்றினார். அதுவே வினையாயிற்று. ஊர்ப் பழக்கத்தில் சாயங்காலம் செடியின் தலையோடு ஊற்ற, இரவெல்லாம் இலையில் ஈரம். ஜனவரியில் இலைகளின் அடியில் பழுப்புப் பொடி கிளம்பியது. துரு நோய். ஆறு செடிகளும் போயின. "எனக்கு இந்த ஊர் ஒத்துக்காதுடா" என்றார். செடியைப் பற்றிய பேச்சாக மகனுக்கு அது படவில்லை.

அடுத்த புரட்டாசியில் அவரே விதைத்தார். இந்தி தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் செய்துகாட்ட, பார்த்துக் கற்றார். விதை தூசி போல இருக்கும். மணலோடு கலந்து தூவ வேண்டும். மண் போட்டு மூடக் கூடாது. முளைக்க வெளிச்சம் வேண்டும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் ஈரம் கீழிருந்து ஏறும். ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்துவிடும். நாலைந்து ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். கிள்ள அவருக்கு மனம் வரவில்லை. பாதியைக் கிள்ளி, பாதியை விட்டார். கிள்ளாதவை ஒற்றைக் கதிராக நின்றன. கிள்ளியவை கிளை பிரிந்து தொட்டியை நிறைத்தன. இப்போது எல்லாவற்றையும் கிள்ளுகிறார். தண்ணீர் காலையில், வேருக்கு மட்டும். ஆண்டுதோறும் மண்ணையும் மாற்றிவிடுகிறார்.

மூடிய பூவைச் சிறு பூச்சிகளால் எளிதில் திறக்க முடியாது. கனமான கருவண்டு உட்கார்ந்தால் கீழுதடு தாழ்ந்து வழிவிடும். மதியங்களில் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஏப்ரல் வெயிலில் செடிகள் வாடும். "இந்தத் தடவை போனா திரும்ப வரமாட்டேன்" என்று அவர் சொல்வதும் அப்போதுதான். ஊர் வீட்டை விற்கலாமா என்று மகன் கேட்டால் பதில் வராது.

இந்த ஏப்ரலிலும் ஊருக்குப் புறப்பட்டார். காய்ந்த காய்கள் குட்டி மண்டையோடு போல மூன்று துளை விட்டிருந்தன. குலுக்கி, விதைகளைக் காகித உறையில் போட்டார். மகன் அந்த உறையை அவர் பெட்டியில் வைத்தார். அம்மா அதை வெளியே எடுத்தார்.

"அந்த வெயில்ல இது வராதுடா. இங்கேயே அலமாரியில இருக்கட்டும். புரட்டாசிக்கு முன்னாடி டிக்கெட் எடுத்துடு."

வீட்டைப் பற்றி அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகனும் கேட்கவில்லை.