முற்றத்துக்கு ஒரு புல்

திம்புள்ளயில் புல்லுக்குப் பஞ்சமில்லை. தேயிலைக்கு இடையே முளைத்தால் பிடுங்க வேண்டும், கான் ஓரத்தில் படர்ந்தால் வெட்ட வேண்டும், மாட்டுக்கென்றால் அறுக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், முற்றத்தில் போட என்ன புல் விதை நல்லது என்று நான் விசாரித்துத் திரிந்தது பலருக்கு வேடிக்கையாக இருந்தது.

காரணம் இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கியபோது, எங்கள் முற்றத்தின் கீழ்ப்பக்க விளிம்பில் ஒரு துண்டு மண் இரவோடிரவாக இறங்கிவிட்டது. மற்றவர்கள் இழந்தவற்றோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை. ஆனாலும் அதன்பிறகு மழை பெய்யும் இரவுகளில் உம்மா தூங்கவில்லை. மண்ணை வெறுமையாக விடக்கூடாது என்று நினைத்தேன்.

வெளிநாட்டிலிருக்கும் மகன் 'ரை' புல் விதை அனுப்புவதாகச் சொன்னான். குளிர் தேசத்து விதை, ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடுமாம். ஆனால் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் விதையை அப்படிக் கொண்டுவர முடியாது. ஹோர்ட்டன் சமவெளியில் பிடுங்கப் பிடுங்க ஓயாத மஞ்சள் பூ முட்செடி, கோர்ஸ், அதுவும் வெள்ளைக்காரர் காலத்தில் வெளியிலிருந்து வந்ததுதானே. வேண்டாம் என்றேன்.

அருகம்புல் என்றார் ஒருவர். அதற்கு நல்ல வெயில் வேண்டும். எங்கள் முற்றமோ பாதி நாள் சவுக்கு மர நிழலிலும் மீதி நாள் பனிமூட்டத்திலும் கிடப்பது.

கடைசியில், தோட்டத்துப் பங்களாவில் முப்பது வருடம் புல் வெட்டிய ஒரு பெரியவரைக் கூட்டிவந்தேன். வாப்பாவின் கடையில் அரிசி வாங்கியவர். முற்றத்தைச் சுற்றிவந்து, மண்ணைக் கிள்ளி உதிர்த்துப் பார்த்தார்.

"இந்தச் சரிவுல வெதை நிக்காது மொதலாளி. ஒரு மழைக்கு ஆத்தோட போயிரும். பங்களாவுல தொர வெதை போட்டா புல்லு வந்துச்சு? பொம்பளையாளுக வரிசையா ஒக்காந்து கையால நட்டது."

அவர் காட்டியது, பாதையோரத்தில் நாம் மிதித்துப்போகும் அகல இலைப் புல். புளிப்பு மண்ணுக்கும் ஈரத்துக்கும் நிழலுக்கும் தாங்குவது. நகரத்துக் கடைகளில் 'மலேசியன் புல்' என்று சதுர அடிக் கணக்கில் விற்பதும் இந்த இனம்தான். பிறகு ஒன்று சொன்னார். அதற்காகவே அவரைக் கூப்பிட்டிருக்கலாம்.

"புல்லு மேல் மண்ணத்தான் புடிக்கும். மல சறுக்குறத நிப்பாட்டாது. மொதல்ல தண்ணிக்கு வழி விடுங்க."

ஆகவே முதலில் கான் வெட்டினோம். விளிம்பில் வெட்டிவேர் வைத்தோம். அதன் வேர் பத்தடி ஆழம்வரைகூட இறங்கும். சித்திரை மழை தொடங்கியதும் ஒரு சாண் இடைவெளியில் புல் துண்டுகளை நட்டோம். வைகாசியில் பெருமழை வருவதற்குள் வேர் பிடிக்க வேண்டுமென்பது அவர் கணக்கு.

வேலை முடிந்தபோது சாக்கில் கொஞ்சம் புல் மிஞ்சியது. அதை உதறி மடித்துக்கொண்டே, சற்றுத் தயங்கிக் கேட்டார்:

"இத நான் கொண்டு போகட்டுமா மொதலாளி? மகளுக்கு 7 பேர்ச்சுல வீடு கெடச்சிருக்கு. வாசல் இருக்கு."

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் பிறந்து, அங்கேயே பிள்ளை வளர்த்தவர். முப்பது வருடம் அவர் வெட்டிய புல்லில் ஒரு சாண்கூட அவருடையதாக இருந்ததில்லை. இவ்வளவு நாளும் இவரிடம் புல்லைப் பற்றி மட்டும்தான் கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னும் இரண்டு சாக்குப் பிடுங்கி, நானும் அவரோடு போனேன். அந்த வாசலில் அவர் முதலில் பார்த்தது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைத்தான்.

உம்மா மழை இரவுகளில் இன்னும் விழித்துத்தான் இருக்கிறா. விடிந்ததும் கானைப் போய்ப் பார்க்கிறா. பிறகு என்னிடம், "அந்த மனுசன்ட வாசல்ல புல் புடிச்சிட்டா?" என்று கேட்கிறா.