குனிந்தால் கடிக்கும்

வீடியோ கேம் ரிமோட்டில் தனியாக ஒரு திரை வேண்டுமா என்பது பட்டுத் தறி ஓடுகிற வீட்டில் எழவேண்டிய கேள்வியே இல்லை. ஆனாலும் சேவூரில் எங்கள் வீட்டில் எழுந்தது. சிங்கப்பூர் உறவுக்காரர் ஒருவர், தன் பிள்ளைகள் விளையாடி அலுத்துப்போன நின்டெண்டோ வீ யூ பெட்டியை ஊருக்கு வந்தபோது அண்ணன் மகனிடம் கொடுத்துவிட்டுப் போனார். 2012-இல் கடைக்கு வந்த பெட்டி. அதன் ரிமோட்டைத் தூக்கிப் பார்த்தால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறையும். நடுவில் 6.2 அங்குலத் தொடுதிரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள்.

கூடவே வந்த ஆட்டங்களில் ஒன்று ஸோம்பியூ. டிவியில் பிணங்கள் நடந்து வரும். பையிலிருந்து மருந்தோ துப்பாக்கியோ எடுக்கவேண்டுமென்றால் கையிலிருக்கும் திரையைப் பார்த்துத் துழாவ வேண்டும். அதுவரை ஆட்டம் நமக்காக நிற்காது. "குனிஞ்சா கடிச்சிடுது சித்தப்பா" என்றான் பையன். அவன் அலுத்துக்கொண்ட அந்த இடத்தில்தான் அந்த ஆட்டத்தைச் செய்தவர்களின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இரண்டு திரையையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்ற தொல்லையையே அவர்கள் பயமாக மாற்றிவிட்டார்கள். ஆனால் எல்லா ஆட்டமும் பேய் ஆட்டம் இல்லையே. கார் ஓட்டும்போது குனிந்தால் பயம் வராது, எரிச்சல்தான் வரும்.

அண்ணன் தறியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். ஒரு கை நாடாவை ஓட்டும் கயிற்றை வெட்டி இழுக்கும், மறுகை பலகையை அடிக்கும், கால் மிதியில் இருக்கும். கண் இவற்றில் எதன்மேலும் இருக்காது. ஊடை போய் விழுகிற இடத்தில், சரிகை புரளாமல் படிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் தறியில் முன்பு ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்த ஜக்கார்டு பெட்டி. இப்போது எலெக்ட்ரானிக் ஜக்கார்டு. டிசைன் பென் டிரைவில் வருகிறது. தறிக் கம்பத்தில் மாட்டியிருக்கும் பெட்டியில் ஒரு சின்னத் திரை உண்டு, எத்தனையாவது வரி ஓடுகிறது என்று காட்டும். இழை அறுந்து, தப்பாகப் போன ஊடையைப் பிரித்தெடுக்கும்போதுதான் அண்ணன் அதை நிமிர்ந்து பார்ப்பார், அதாவது தறி நின்ற பிறகு. அதைக் கழற்றிக் கையில் கட்டிவிடுங்கள் என்று எந்த நெசவாளியும் கேட்டதில்லை.

நின்று பார்க்கிற விஷயமென்றால் கையில் திரை இருக்கட்டும் என்பேன். 2013-இல் வந்த செல்டா ஆட்டமான விண்ட் வேக்கர் எச்டியில் வரைபடமும் மூட்டை முடிச்சும் ரிமோட்டுக்கு இறங்கிவிடும், டிவியில் கடலும் படகும் மட்டும். அது நன்றாகவே இருக்கிறது.

அதைவிட நல்ல நியாயம் ஒன்று உண்டு. 1998-இல் ஜப்பானில் வந்த சேகா ட்ரீம்காஸ்டின் ரிமோட்டில், 48-க்கு 32 புள்ளிகள் மட்டுமே கொண்ட கறுப்பு வெள்ளைத் திரையோடு ஒரு குட்டிப் பெட்டியைச் செருகலாம். அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறவர்கள் அடுத்த வியூகத்தை அதில் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எதிராளிக்குத் தெரியாது. ரம்மி ஆடும்போது சீட்டை மார்போடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிற மாதிரி. வீ யூவின் நின்டெண்டோ லேண்டிலும் ஒருவன் தன் திரையில் முழு வரைபடத்தையும் பார்த்துக்கொண்டு ஓடுவான், மற்ற நால்வர் டிவியைப் பார்த்துத் துரத்துவார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் கூரை பறக்கக் கத்தினது அந்த ஆட்டத்துக்குத்தான். எல்லாரும் பார்க்கிற ஒற்றை டிவியில் இந்த ரகசியத்தை எங்கே ஒளித்துவைப்பது?

ஆனால் இந்த வழியில் போன ஆட்டங்கள் சொற்பம். திரைக்குச் சோறு போடுவதும் பெரும்பாடு. வீ யூ ரிமோட்டின் சார்ஜ் 3 மணி நேரத்திலிருந்து 5 மணி நேரம்தான் தாங்கும். ட்ரீம்காஸ்டின் குட்டிப் பெட்டியில் பேட்டரி தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் பீப்பென்று கத்தும். வீ யூ மொத்தமே சுமார் 1 கோடியே 35 லட்சம்தான் விற்றது. அடுத்து 2017-இல் வந்த ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டிவிட்டது. ஸ்விட்சிலும் கையில் திரை உண்டு, ஆனால் டிவியோடு மாட்டினால் அது அணைந்துவிடும். இரண்டும் சேர்ந்து எரிவதே இல்லை. நின்டெண்டோவே சொன்ன தீர்ப்பாகத்தான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு நியாயம் பேசினாலும், சாயங்காலமானால் வீட்டு நிலவரம் வேறு. சீரியல் நேரத்தில் டிவி அண்ணியுடையது. சில ஆட்டங்களை டிவியே இல்லாமல் ரிமோட்டின் திரையில் ஆடலாம் என்று பையன் கண்டுபிடித்த நாளிலிருந்து வீட்டில் சண்டை குறைந்திருக்கிறது. சோனி 2023-இல் விட்ட ப்ளேஸ்டேஷன் போர்ட்டல் இந்த ஒரு காரணத்துக்காகவே பிறந்தது போலிருக்கிறது. ரிமோட்டை இரண்டாகப் பிளந்து நடுவில் 8 அங்குலத் திரையை வைத்திருக்கிறார்கள். இப்போது பையனுக்கு அதுதான் வேண்டுமாம். அதற்கு முதலில் ப்ளேஸ்டேஷன் 5 வேண்டும், நல்ல வைஃபை வேண்டும். அந்தக் காசுக்கு இன்னொரு டிவியே வாங்கிவிடலாம் என்கிறார் அண்ணி. வாங்கினால் தறிக்கூடத்தில்தான் மாட்ட வேண்டும். அதற்கு அண்ணன் விடமாட்டார்.