கூடம் ஒன்றும் கோணலில்லை

சால்ட்பர்னில் கடல் நிலவரம் வேண்டுமென்றால் என்னைத்தான் கேட்பார்கள். வடகிழக்கு இங்கிலாந்தில், வடகடலைப் பார்த்திருக்கும் சின்ன ஊர் அது. 1869-இல் திறந்த கடல் நடைபாலத்தை ஒட்டித்தான் அலைச்சறுக்குப் பலகையோடு இறங்குவோம். நார்வே பக்கம் புயல் கிளம்பினால் இங்கே அலை எப்போது வரும் என்று சொல்வேன். அலைக்கு அலை பத்து நொடி இடைவெளி இருந்தால் தூரத்திலிருந்து திரண்டு வருகிற ஸ்வெல். ஐந்து நொடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய சலசலப்பு, அவ்வளவுதான். தெற்குக் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போவதால் அலை நிமிர்ந்து நிற்கும். வாடை அடித்தால் குலைந்து நுரையாகிவிடும்.

இத்தனை ஞானமும் எனக்குத் தண்ணீரில் இறங்காமலிருக்கத்தான் உதவுகிறது. எனக்குக் குளிர் பயம். நல்ல ஸ்வெல் வருவதெல்லாம் குளிர்காலத்தில். தண்ணீர் மிகவும் குளிர்வதோ பிப்ரவரி, மார்ச்சில், 5 அல்லது 6 டிகிரிக்கு. 5 மி.மீ. வெட்சூட், தலைமூடி, கையுறை எல்லாம் மாட்டியும், முதல் அலைக்கு அடியில் புகுந்ததும் நெற்றி பிளக்கும், மூச்சு என் பேச்சைக் கேட்காது. பயம் என்று சொல்லிவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தால் யாரும் சிரித்திருக்கப் போவதில்லை. நான் காற்றின் மேல் பழி போட்டேன்.

அதுவும் பரவாயில்லை. எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். இரவுப் பணி நர்ஸ். வாரத்தில் அவனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு காலை. ஒரு மார்ச் மாதம், அலை கண்ணாடியாக எழுந்துகொண்டிருந்தது. கரையில் கோட்டும் டீயுமாக நின்றிருந்தபோது போன் வந்தது.

“அண்ணா, கடல் எப்படி?”

“வாடைடா. வராதே, தூங்கு.”

அவன் வந்தால் என்னையும் இறங்கச் சொல்வான். அதற்காக அவனுடைய ஒரு காலையைத் திருடினேன். தண்ணீரிலிருந்து கையசைத்துக் கூப்பிட்டவர்களிடம் தோள்வலி என்றேன்.

அவன் இப்போது காற்றையும் நொடிக்கணக்கையும் தானே போனில் பார்த்துக்கொள்கிறான். அதனால் நான் பொய்யை மாற்றிவிட்டேன். போன வாரம் கேட்டபோது, “அடியில் மணல்திட்டு சரியாக அமையவில்லை தம்பி, கொஞ்ச நாள் போகட்டும்” என்றேன். மணல்திட்டு எந்தப் போனிலும் தெரியாது.