பத்து சைஸா, இருபது சைஸா?

அம்பாசடர் இன்ஜினைப் பிரித்துப் போட்டதும் வண்டிக்காரர் கேட்பது ஒன்றுதான்: "பேரிங் செட் என்ன விலை ஆகும் மாஸ்டர்?" நான் உடனே பதில் சொல்வதில்லை. கழற்றிய ஷெல்களைத் துணியில் வரிசையாக அடுக்குவேன். எந்த ராடு, மேல் பாதியா கீழ் பாதியா என்று ஒவ்வொன்றின் முதுகிலும் எழுதிவிடுவேன். என்ன வாங்குவது என்பதை அவைதான் சொல்ல வேண்டும்.

எல்லாம் ஒரே சீராக மங்கியிருந்தால் ஓடித் தேய்ந்தது. சுற்றிலும் கோடு விழுந்திருந்தால் எண்ணெயோடு மண் போயிருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் செம்பு தெரியத் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கலாம், கிராங்கில் ஷெல் உட்காரும் ஜர்னல் கூம்பியிருக்கலாம். அதைச் சரிபார்க்காமல் புது ஷெல் போடுவது, ஒழுகும் கூரைக்கடியில் புதுப்பாய் விரிக்கிற வேலை.

பிறகு மைக்ரோமீட்டர். பழைய 1489 சிசி இன்ஜினில் மெயின் பேரிங் மூன்றே மூன்று. ஜர்னல் விட்டம் 2 இஞ்ச். குறுக்கும் நெடுக்கும் அளப்பேன். முட்டை வடிவம் தட்டினால் கிராங்க் கிரைண்டிங்குக்குப் போகும். பத்து சைஸ் என்றால் விட்டத்தில் 0.010 இஞ்ச் குறைத்தது. இருபது என்றால் 0.020. அவசரக்காரர்கள் ஷெல்லை முதலில் வாங்கிவிடுவார்கள். பத்தில் கோடு அழியாவிட்டால் அந்தக் காசு போச்சு.

தொழிலுக்கு வந்த புதிதில் கிரைண்டிங்கிலிருந்து வந்த கிராங்கை டீசலில் அலசி, துடைத்து, பளபளப்பைப் பார்த்து மயங்கி மாட்டிவிட்டேன். உள்ளே எண்ணெய்த் துளைகளில் அரைத்த தூள் அப்படியே இருந்திருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறிய வண்டி பர்லியாறு வருமுன்பே 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்தது. பிரித்தபோது இரண்டாவது ராட்டின் ஷெல் கருகி, இருந்த இடத்தைவிட்டுச் சுழன்றிருந்தது. தப்பு முழுக்க என்னுடையது, செலவும் என்னுடையதே. இப்போது ஒவ்வொரு துளையிலும் பிரஷ் விட்டு, காற்றடித்து, மறுபக்கம் பிடித்த வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருக்கும்வரை விடுவதில்லை.

எனக்குத் தொழில் கற்றுத்தந்தவர் உருக்கி ஊற்றும் ஒயிட்மெட்டல் காலத்து ஆள். நீலம் தடவி, ஸ்கிரேப்பரால் சுரண்டிப் பொருத்துவார், அழகான கை. அந்தக் கையை இன்றைய ஷெல்லில் காட்டக் கூடாது. மேற்பூச்சு தலைமுடியைவிட மெல்லியது, ஒரே சுரண்டலில் போய்விடும். சத்தத்தை அடக்க, ஷெல்லை மூடிப் பிடிக்கும் கேப்பை அரத்தில் தேய்க்கும் வழக்கமும் அப்படித்தான்: ஓட்டை வட்டமாக இராது. ஷெல்லின் விளிம்பு கேப்பைவிட மயிரிழை தூக்கி நிற்பது வேண்டுமென்றே வைத்தது. போல்ட் இறுகும்போது அந்த நெருக்கந்தான் ஷெல்லைச் சுழலாமல் பிடிக்கிறது. ஷெல்லின் ஓரத்தில் இருக்கும் சின்ன மூக்கு இடம் காட்ட மட்டுமே.

ஷெல்லின் முதுகு உலர்ந்திருக்க வேண்டும், முகத்துக்கு மட்டும் எண்ணெய். ஆனால் இடைவெளி பார்க்கும்போது முகமும் உலர்ந்தே இருக்கட்டும். பிளாஸ்டிகேஜ் நூலை ஜர்னலில் வைத்து, டார்க் ரெஞ்சில் இறுக்கி, கிராங்கைச் சுழற்றாமல் கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையிலுள்ள அளவோடு ஒப்பிடுவேன். விட்டம் இஞ்சுக்கு 0.001 என்பது கைக்கணக்கு. மேனுவல் வேறு சொன்னால் மேனுவல்தான். ஒவ்வொரு கேப் இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றுவேன். பிடித்தால் அங்கேயே நிறுத்தம்.

வண்டியைக் கொடுக்கும்போது பழைய ஷெல்களையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிடுவேன். உங்கள் மெக்கானிக் கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.